அரசி அக்கா அடைக்கச் சொன்ன ஓட்டை

குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு நண்பன் வீட்டுக் குசினியில் நின்று நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது மகேசன் அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் தானாக எனக்கு எடுக்கிற ஆள் இல்லை. எப்போதும் அவருடைய மனைவி அரசி அக்காதான் எடுப்பார். கதைத்து முடிகிற நேரத்தில், "இந்தாரும், இவரோடையும் ரெண்டு சொல்லுக் கதையும்" என்று போனை அவர் கையில் திணிப்பார். ஆகவே திரையில் அண்ணையின் பெயரைக் கண்டதுமே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. கையெல்லாம் நண்டு. முழங்கையால் தட்டி எடுத்தேன். "தம்பி, அரசி காலமை போயிட்டா" என்றார். பிறகு அவரே, "நீர் வருவீர்தானே?" என்று கேட்டார். வராமல் நான் எங்கே போவது.

அடுத்த நாள் விமானம் ஏறி மெல்பேர்ணுக்கு வந்து, மல்கிரேவ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சனம் நிறைந்திருந்தது. இதை வாசிக்கிற உங்களில் பலரும் அங்கே நின்றீர்கள். நீங்கள் கதைத்ததும் என் காதில் விழுந்தது. "கெட்டிக்காரிதான். ஆனா அந்த வெளிநாட்டு வேலையில பெரிய பிழை விட்டு, அதோட மனுசி வீட்டோட இருந்திட்டா." "ஓம், ஆக்களும் சேதமாம்." செத்த வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, கோப்பியும் குடித்துக்கொண்டு, இப்படி. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதிரையை இழுத்திருப்பேன். மகேசன் அண்ணையின் முகத்துக்காகப் பேசாமல் உள்ளே போனேன்.

உள்ளே அவர்களுடைய மகள் ஆரணி என்னைக் கண்டதும் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். "சுதன் அண்ணா, நீங்கள் அண்டைக்கு அம்மாவோட ஒபிசில இருந்தனீங்கள் எல்லோ. ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. அம்மாவின்ர மிஸ்ரேக்கில ஆக்கள் செத்தவையா?" இத்தனை வருடமும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை தாயோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். இல்லை என்றேன். "இண்டைக்கு எல்லாரும் எனக்கு நல்லதாத்தான் சொல்லுகினம்" என்றாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் முடியாது. ஆரணிக்கும், வாசலில் கதைத்த உங்களுக்கும் சேர்த்து, நடந்ததை முதலிலிருந்தே எழுதுகிறேன்.

அரசி அக்காவின் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. மலைச்சரிவுகளையும் அவற்றைத் தாங்குகிற சுவர்களையும் பார்க்கிற பொறியியலாளர். மண் எப்போது சறுக்கும், தண்ணீர் எந்தப் பக்கத்தால் இறங்கும், சுவர் தாங்குமா என்று சொல்வது அவருடைய வேலை. பிறந்தது பருத்தித்துறைப் பக்கம். "உங்கட ஊரில ஏறி நிண்டு பாக்கிற உயரம் எண்டால் கிணத்துக்கட்டுத்தான். நீங்கள் எப்பிடியக்கா மலைக்கு வைத்தியம் பாக்க வந்தனீங்கள்?" என்று சீண்டுவேன். "மலையோட வளந்தவன் மலையை நம்பிடுவான். நான் நம்பமாட்டன். அதுதான் நல்லம்" என்பார். சிரிக்காமல் பகிடி விடுகிற ஆள். புதிதாக வந்தவர்கள் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துத் தள்ளி நிற்பார்கள்.

நான் அகதியாகப் படகில் வந்தவன். ஊரில் நில அளவையாளர் ஒருவரிடம் வரைபடம் கீறிப் பழகியவன். இங்கே வந்து கிடைத்ததெல்லாம் செய்து, கடைசியில் மல்கிரேவில் அக்கா வேலை செய்த நிறுவனத்தில் படம் கீறுகிற வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மற்றவர்கள் என் விசாவைப் பற்றிக் கேட்டார்கள், இடையில் வேலை செய்யாத காலத்தைப் பற்றிக் கேட்டார்கள். அரசி அக்கா ஒரேயொரு கேள்விதான் கேட்டார், அதுவும் எல்லாருக்கும் முன்னால் தமிழில்: "மேல இருக்கிறவரின்ர வேலையில பிழை கண்டால் எப்ப சொல்லுவீர்?" உடனே சொல்வேன் என்றேன். வேலை வேண்டும் என்பதற்காகச் சொன்ன பதில்தான் அது. என்னைப்போல வந்தவர்களுக்குப் பிழை என்ற சொல்லே வாயில் வராது. விசா விசாரணையில் ஒருமுறை சொன்னதை அடுத்தமுறை கொஞ்சம் மாற்றிச் சொன்னால், முழுக்கதையும் பொய் என்று எழுதிவிடுவார்கள். அதனால் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டோம். அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் வேலை தந்தார்.

அந்த வெளிநாட்டு வேலை எங்களுக்கு வந்தது கோஸ்டா ரீக்காவிலிருந்து. மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு. அங்கே ஒரு மழைக்காட்டு மலைச்சரிவில் பழைய ஊர் ஒன்று கிடக்கிறது. கொலம்பஸ் அந்தக் கரையை எட்டிப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே கட்டி வாழ்ந்து, பிறகு எதற்காகவோ விட்டுவிட்டுப் போன ஊர். வட்ட வட்டமான கல்மேடைகள். அவற்றின் மேல் ஒருகாலம் மரவீடுகள் இருந்தன. மேடைகளுக்கு நடுவே, ஆற்றுக் கற்களைத் தூக்கிவந்து நெருக்கிப் பதித்த அகலமான ஒரு வழி. நாங்கள் அதைக் கல்வழி என்று சொல்வோம். இரண்டு கார்கள் ஒன்றையொன்று விலத்திப் போகிற அகலம் இருக்கும். அந்தச் சனத்திடம் வண்டியும் இல்லை, மாடும் இல்லை. வெறுங்காலால் நடப்பதற்காக மட்டும் அவ்வளவு அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால்கள், சிலதுக்குப் பலகைக்கல்லால் மூடி, கீழே ஒரு தொட்டி. ஒரு கைப்பிடி சீமெந்து கிடையாது. தொட்டிக்கு இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. "நாங்கள் கட்டினது அம்பது வரியம் நிண்டாலே கேக் வெட்டுவம்" என்பார் அரசி அக்கா.

கல்வழியில் ஒரு நீளமான பகுதி சரிவின் விளிம்பில் போகிறது. அதன் கீழ்ப்பக்கத்தை, ஆள் உயரத்துக்கும் கூடுதலான ஒரு கற்சுவர் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரை ஆராய்ந்து, எங்கே பலப்படுத்த வேண்டும் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. அக்கா அங்கே போனார். நான் போக முடியாது. என்னிடம் இருந்த விசாவில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரவே முடியாது. அங்கேயுள்ள குழு லேசர் கருவியால் எடுத்து அனுப்பிய பதிவுகளை வைத்துக்கொண்டு, மல்கிரேவில் கதிரையில் இருந்தபடி கல்வழியைக் கல் கல்லாகக் கீறினேன். திரும்பி வந்த அக்கா என் படத்தை மேசையில் விரித்தார். "ஒவ்வொரு கல்லா நடந்து பாத்தனான். எல்லாம் சரி. ஒரு கல்லுக்கு மேல பாம்பு படுத்திருந்தது, அதை மட்டும் நீர் கீறேல்ல" என்றார். அந்த மண்ணை நான் மிதித்ததே இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அதில் நடப்பேன்.

பிழை நடந்தது இந்தப் பயணத்தில்தான். சுவரின் அடியில் ஓரிடத்தில் ஓட்டை ஒன்று இருந்தது. ஒரு நாய் புகுந்துபோகிற அளவு. சுற்றிவரக் கற்கள் சரிந்து, வேர் பாய்ந்து, உள்ளே மண் இறுகிக் கிடந்தது. மழையில்லாத மாதம் என்பதால் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. அந்தத் தளத்துக்குப் பொறுப்பான தொல்லியலாளர் மார்த்தா, இது தண்ணீர் போகிற வாயாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறார். அக்கா குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அலட்சியத்தால் இல்லை. அந்தச் சனத்தின் மேல் அவருக்கு இருந்த மதிப்பால். அங்கே அவர் பார்த்த மற்ற எல்லா வாய்க்கால்களும் அளவெடுத்து விளிம்பு கட்டியவை. "இவ்வளவு துப்புரவாய்க் கட்டினவை, தண்ணி போற வாயை இப்பிடி எலி தோண்டின மாதிரி விட்டிருப்பினமே?" என்று பிறகு என்னிடமும் சொன்னார். மரம் விழுந்து கல் பெயர்ந்த இடம் என்று முடிவு செய்து, மண்ணைத் தோண்டாமல், அப்படியே கல் வைத்து அடைக்கச் சொன்னார். குழுவினர் அடைத்தார்கள். சுவர் பாதுகாப்பானது என்று கையெழுத்தும் போட்டார்.

அங்கே மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் காலையில் புதிய பதிவுகள் வந்தன. கல்வழிக்கு மேல்பக்கம் புதரை வெட்டித் துப்புரவாக்கி எடுத்தவை. அந்தப் புதருக்குக் கீழே பலகைக்கற்களால் மூடிய வாய்க்கால் ஒன்று இருந்திருக்கிறது. தொட்டிப் பக்கம் திரும்புகிறது என்று நாங்கள் நினைத்திருந்த வாய்க்கால் அது. திரும்பவில்லை. நேரே வந்து கல்வழியின் மேல் விளிம்புக்குள் நுழைந்து மறைந்தது. அது போன திசையிலேயே ஒரு கோடு கல்வழிக்கு ஊடாக இழுத்துப் பார்த்தேன். மறுபக்கத்தில், அடைத்த ஓட்டையில் போய் முட்டியது. பழைய பதிவையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சுவர் அந்த இடத்தில் வெளியே தள்ளியிருந்தது. கர்ப்பிணியின் வயிறு மாதிரி.

அக்கா அலுவலகக் குசினியில் நின்று பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். "அக்கா, ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, கத்தியை வைத்துவிட்டு வந்தார். நான் இழுத்த கோட்டை மட்டும் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். சுவரின் வயிற்றைப் பார்த்தார். "அங்க மழையோ?" என்று கேட்டார். இரண்டு நாளாக விடாத மழை என்றேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நான் பிழை விட்டிட்டன், சுதன். மார்த்தாவை எடும்" என்றார். யோசித்துச் சொன்ன மாதிரியே இல்லை. தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னார்.

எங்கள் மேலாளர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஏதோ நடக்கிறது என்று கண்டு வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நிறுவனம் அவருடையது. முதலில் நாங்கள் சரிபார்ப்போம், சட்டத்தரணியிடம் ஒரு சொல் கேட்போம், ஒரு மணித்தியாலம் பொறுங்கள் என்றார். அக்கா அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "சுவர் பொறுக்குமோ எண்டு கேட்டுச் சொல்லும்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மார்த்தாவோடு வீடியோத் தொடுப்புக் கிடைத்தது.

எங்களுக்குக் காலை, அங்கே முதல்நாள் பின்னேரம். மார்த்தா தலையில் மழைச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கல்வழியில் நின்றார். மழை இரைச்சலில் பாதிச் சொல்தான் கேட்டது. அக்கா முதலில் கேட்டது, ஆட்கள் எங்கே என்பது. மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள், கீழே, சுவரோரம், தறப்பாள் கட்டி என்றார் மார்த்தா. போனைத் திருப்பிக் காட்டினார். அந்தச் சுவருக்குச் சரியாகக் கீழே நீலத் தறப்பாள். அதற்குள் குழுவினர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"மார்த்தா, அந்த ஓட்டை தண்ணீர் போகிற வாய். நீ கேட்டாய், நான் இல்லை என்றேன். நான் சொன்னது பிழை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆட்களை இப்போதே மேலே எடு" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். மேலாளர் மேசைக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார். மார்த்தா திரும்பிக் கத்தத் தொடங்கினார். கீழே இருந்தவர்கள் உடனே எழும்பவில்லை. மழைக்குள் ஏன் நிற்க வேண்டும் என்று ஒருவர் கேட்பது தெரிந்தது. "பெயர் சொல்லிக் கூப்பிடு. ஒவ்வொருவராகக் கூப்பிடு. மேலே வந்தவர் பதில் சொல்ல வேண்டும்" என்றார் அக்கா. மார்த்தா பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் மழைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குரல் வரவர அக்கா அந்தப் பெயரை மெல்லத் திருப்பிச் சொன்னார், சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிற மாதிரி.

கடைசிப் பெயருக்குப் பதில் வரவில்லை. ரமோன். மார்த்தா மூன்றுதரம் கூப்பிட்டார். ரமோன் குழுவில் வயதில் மூத்தவர், காது கொஞ்சம் மந்தம். மார்த்தா போனை நீட்டிக் கீழே காட்டினார். மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள், ரமோன் தனியாக நின்று தறப்பாளின் கயிற்றை ஆறுதலாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். நல்ல தறப்பாள், விட்டுவிட்டுப் போக மனம் இல்லை. அக்கா எழும்பி நின்றுவிட்டார். "ரமோன்" என்று கூப்பிட்டார், பிறகு தமிழில், "ஐயா, அதை விட்டிட்டு வாங்கோ, உங்களைக் கும்பிடுறன், வாங்கோ" என்றார். பூமியின் மறுபக்கத்தில் காது கேளாத ஒரு மனிதரிடம் தமிழில் கெஞ்சிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இளைஞர்கள் இரண்டு பேர் இறங்கி ஓடி அவரை இரண்டு கையிலும் பிடித்து இழுத்து வந்தார்கள். மேலே வந்ததும் ரமோன் திட்டிய திட்டு எங்களுக்கு விளங்கவில்லை, ஆனால் அது பதில்தான். அக்கா அந்தப் பெயரையும் சொன்னார்.

அதோடு முடியவில்லை. தண்ணீரை வேறு வழியால் எடுக்காவிட்டால் சுவர் முழுதாகப் போகும், பின்னால் உள்ள மேடையையும் இழுத்துக்கொண்டு போகும். கீழே போய் அடைத்த கற்களைப் பிடுங்குவோம் என்றார் மார்த்தா. கிட்டவும் போகக்கூடாது என்றார் அக்கா. மேல்பக்கத்தில், வாய்க்கால் கல்வழிக்குள் நுழைகிற இடத்தில் கல்லைத் தூக்கி, தண்ணீரைப் பக்கத்துத் திறந்த வாய்க்காலுக்குத் திருப்ப வேண்டும் என்றார். மார்த்தாவின் குரல் மாறியது. கல்வழியில் இதுவரை யாருடைய கையும் படாத பகுதி அதுதான். கட்டியவர்கள் வைத்தபடியே கிடக்கும் கற்கள். "ஓட்டையை அடைக்கச் சொன்னதும் நீதான், இப்போது உடைக்கச் சொல்வதும் நீதான்" என்றார். "ஓம். நீ என்னை நம்ப ஒரு காரணமும் இல்லை. சுவரைப் பார். அதை நம்பு" என்றார் அக்கா.

எந்தக் கல் என்று மார்த்தா கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தார். மழை அடிக்கிற வழியில் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். தப்பான இடத்தைத் தோண்டினால் கல்வழியும் போகும், நேரமும் போகும். படத்தைப் பெரிதாக்கினேன். நடுவில் வெண்கோடு ஓடுகிற ஒரு தட்டையான கல் இருக்கிறது, அதற்கு மலைப்பக்கமாக அடுத்த கல் என்றேன். மார்த்தா காலால் சேற்றைத் தள்ளினார். வெண்கோடு தெரிந்தது. கடப்பாரையை வைத்துத் தூக்கினார்கள். அடுத்த கல், அதற்கடுத்த கல். பழுப்புத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு மேலே வந்தது. கையாலும் மண்வெட்டியாலும் வழிவெட்டிப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பினார்கள். அவர்கள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, கீழே பாரம் இறக்குகிற லொறியின் சத்தம்போல ஒன்று கேட்டது. திரையில் படம் ஆடியது. ஓட்டை இருந்த இடத்தில் சுவர் வாய் பிளந்து சரிந்து, தறப்பாள் இருந்த இடத்தை மூடிக் கிடந்தது. மற்றப் பகுதி நின்றது. மேலாளர் வெளியே போனார். அரசி அக்கா மேசையில் தலையை வைத்து அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

பிறகு அறிக்கை எழுதுகிற கட்டம் வந்தது. "நீர் வெளியேறும் வாய் உள்ளூர்க் கட்டுமானக் குழுவினரால் அடைக்கப்பட்டிருந்தது" என்று நிறுவனம் எழுதியது. மார்த்தா பதறிப்போய் எடுத்தார். இப்படிப் போனால் அந்தக் குழுவை இனித் தளத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். கோப்பித் தோட்டங்களிலிருந்து வந்து கல்வேலை பழகியவர்கள். அந்த வேலை போனால் மறுபடியும் கூடை தூக்கப் போகவேண்டியதுதான். அக்கா மேலாளரிடம் போனார். நானும் கூடப் போனேன். இதில் பொய் எங்கே இருக்கிறது, அவர்கள் கையால்தானே அடைத்தார்கள் என்று கேட்டார் மேலாளர். அக்கா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "பொய் இல்லை. ஆனால் அதற்குள் நான் இல்லை. என்னைப் போடு." போட்டால் காப்புறுதி வராது, உன் பெயர் இந்தத் துறையில் முடிந்துவிடும் என்றார் அவர். போடு என்றார் அக்கா. போட்டார்கள். சில வாரத்தில் அவருடைய மேசை வெறுமையானது. யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை, சும்மா வேலை தராமல் விட்டார்கள். அவராகவே எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் பங்கு தொடங்குகிறது. கோயிலில், கலியாண வீட்டில், வேறு நகரத்தில் கிரவீனில் உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில், ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டீர்கள். அரசி அக்கா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நான் ஒரு பிழை விட்டிட்டன். அதால ஒரு பழைய சுவர் விழுந்தது." அவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் காதும் மூக்கும் வைத்து வளர்த்தீர்கள். சுவர் விழுந்தது என்றால் ஆள் செத்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் கொண்டு திரிந்தீர்கள். அது ஆரணியின் காதுவரை போனது. ஒருவராவது அக்காவிடம் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். தறப்பாளைப் பற்றிச் சொல்லுங்கள், பெயர் பெயராகக் கூப்பிடச் சொன்னதைச் சொல்லுங்கள், ஆரணிக்காவது சொல்லுங்கள் என்று. "வேண்டாம், சுதன். அதையும் சேத்துச் சொன்னால் பிழை சின்னனாப் போயிடும். சனம் கை தட்டும். நான் அடைக்கச் சொன்னபடியாத்தான் அவை அந்த மழைக்குள்ள ஓடவேண்டி வந்தது. அதை நான் பகிடிக்கும் மறக்கக்கூடாது" என்றார். ஒருநாளும் வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் சொல் வாங்கினார். வருத்தம் முற்றி, நோயாளியாய்க் கட்டிலோடு கிடந்தபோது ஒருவர் பார்க்க வந்தார். "நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை, சும்மா மனசைப் போட்டு உழட்டாதேங்கோ" என்று ஆறுதல் சொன்னார். அந்த நிலையிலும் அக்காவுக்குக் கோபம் வந்தது. "அதை என்னட்டையிருந்து பறியாதேங்கோ" என்றார். வந்தவர் ஒன்றும் விளங்காமல் போய்விட்டார்.

இதை எழுதுமுன் மகேசன் அண்ணையிடம் கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரியும். அவரும் அக்காவுக்குச் சொல் கொடுத்தவர். "தம்பி, நான் அவவுக்குப் பயந்து பேசாமல் இருந்தனான். இப்ப ஆருக்குப் பயம்? எழுதும்" என்றார். பிறகு, "பிழையையும் விடாமல் எழுதும். இல்லாட்டி அவவுக்குப் பிடிக்காது" என்றார். சொல்லை மீறுகிறேன், அக்கா. நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை. உங்கள் பிள்ளை பயந்துகொண்டு இருக்கிறாள்.

ஆரணி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஒருவரும் சாகவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உன் அம்மா இல்லையென்று மார்த்தாவுக்கு அறிவித்தேன். அந்தக் குழு இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறது என்று பதில் எழுதினார். அக்காவின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை, கேட்கவும் இல்லை. மழைக்குள் குரல் வரவர அவர் திருப்பிச் சொன்ன பெயர்களைத்தான் வைத்திருக்கிறேன். நீயும் வைத்துக்கொள். எஸ்தேபான். லூசியா. மிகேல். தோமாஸ். அனா. செலெஸ்தினோ. ஹகோபோ. ரமோன். நீ இதைக் காலையில் வாசித்தால் அங்கே பின்னேரமாக இருக்கும். வேலை முடித்து வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள்.